விரலால் வாசித்தல்

என்னை விசேட கல்வி விரிவுரையாளர் என்று அறிமுகஞ் செய்தார்கள். உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வருடங்களாக நான் பிரெயில் கற்பித்தது கண்ணால்.

ஆறு புள்ளிகள், அவற்றில் 63 வடிவங்கள். 1829இல் லூயி பிரெயில் இம்முறையை நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது 20. இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்குவேன். நமது 'கொ'வில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கும். பிரெயிலிலோ முதலில் 'க', பிறகு 'ஒ'. ஒலிக்கும் ஒழுங்கு அதுவல்லவா!

ஒருநாள் விழிப்புலனற்ற மாணவரொருவர் ஒரு தாளைத் தந்து, "சேர், கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கோ" என்றார். முதற் சொல்லே பிடிபடவில்லை. அரிசி சிந்திய பாயைத் தடவியதுபோல் இருந்தது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய விடைத்தாள்களுக்குப் புள்ளியிட்டவன் நான்!

இப்போது மாலைகளில் அவரிடமே படிக்கிறேன். நகத்தை வெட்டச் சொன்னார். விரலை அழுத்த வேண்டாம் என்றார். நேற்று ஒரு பக்கம் வாசிக்க முக்கால் மணித்தியாலம் சென்றது. இரண்டிடத்தில் கள்ளமாய்க் கண் திறந்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். அவ்விடங்களில் என் வாசிப்பு திடீரென்று வேகமானதாம்.