சாவியைக் கொடுக்கும் முன்



2020 செப்டம்பர், கொரோனா காலம். கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் தொற்று உறுதியான இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு இரவில் 108 ஆம்புலன்ஸ் ஒன்று கிளம்பியது. கூடவே செவிலியர் யாரும் இல்லை, ஓட்டுநர் மட்டும்தான். மூத்தவரைக் கோழஞ்சேரியில் இறக்கிவிட்டார். இளம்பெண் போகவேண்டிய சிகிச்சை மையம் பந்தளத்தில். வழியில், ஆறன்முளை அருகே ஆளரவமற்ற இடத்தில் வண்டியை நிறுத்தி, அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தார் அந்த ஓட்டுநர். பிறகு மன்னிப்பும் கேட்டார். அந்த நிலையிலும் அந்த மன்னிப்பைச் செல்போனில் பதிவு செய்துகொண்டார் அந்தப் பெண். 2025 ஏப்ரலில் ஓட்டுநருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த ஓட்டுநர்மேல் ஏற்கெனவே ஒரு கொலை முயற்சி வழக்கு இருந்தது. அப்படியிருந்தும் ஆம்புலன்ஸ் சாவி அவர் கைக்குப் போனது. 108 ஓட்டுநர்களிடம் போலீஸ் நற்சான்றிதழ் கேட்கும் பேச்சு இதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

தன்னார்வலர்கள் விஷயத்திலும் இதே ஓட்டைதான். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொலையானார். தண்டனை பெற்றவர், போலீசுக்கு உதவியாக இருந்த தன்னார்வலர். இவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், பின்னணியை யார் சரிபார்க்கிறார்கள் என்று மேற்கு வங்க அரசிடம் உச்ச நீதிமன்றம் கேட்டது.

ஆபத்தில் இருப்பவர், வருகிறவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்காக அனுப்புகிறவர்கள்தான் விசாரிக்கவேண்டும்.

அதற்காக, ஒரு வழக்கு இருந்தாலே கதவைச் சாத்திவிடலாமா? கூடாது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், வேலை கொடுப்பவர் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன குற்றம், எந்த வேலை என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. முதன்முறை தப்பு செய்பவரை எந்தச் சான்றிதழும் காட்டிக்கொடுக்காது. அன்று அந்த வண்டியில் ஒரு செவிலியர் இருந்திருந்தால் நிலைமையே வேறு. உங்கள் ஊரில் வெள்ள நிவாரணக் குழுவோ இலவச ஆம்புலன்ஸோ நடத்துகிறீர்களா? ஆளைச் சேர்க்கும்போதே அவருடைய பின்னணியைப் போலீஸ் மூலம் சரிபாருங்கள். நோயாளியோடு ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள். முதலாவதைச் செய்துவிட்டோம் என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.