ரேஷன் கடையில் கேழ்வரகு எங்கே?



தாராவியின் சந்துகளில் விடியுமுன்பே இட்லி வேகத் தொடங்கிவிடுகிறது. மும்பையின் பல தெருக்களுக்குக் காலை உணவைச் சுமந்து செல்வோர் அங்குள்ள தமிழ் உழைப்பாளிகளே. ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த மாவில், தானியத்தின் இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேர்கிறது. இது அடுப்படியில் பெண்கள் கண்ட அறிவு. எந்தச் சாமியாரின் அருளும் அன்று.

இயற்கை உணவுக்குத் திரும்புமாறு இன்று உபதேசிப்போர், அதன் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தோரின் முன்னோர் குடித்த கூழ், ஏழையின் உணவென்று இகழப்பட்டது. அதே கேழ்வரகு இப்போது பளபளக்கும் பைகளில் விற்கப்படுகிறது. அதன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உறுதிசெய்தது. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று விலையும் குறித்தது. 2023 ஜனவரி முதல் இவை இலவசம். அதே 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்குமாறு ஐ.நா.வில் முன்மொழிந்ததும் இந்திய அரசே! எனினும் தொழிலாளியின் பையில் விழுபவை பெரும்பாலும் அரிசியும் கோதுமையுமே. பருப்புக்குச் சட்டத்திலேயே இடமில்லை.

கேழ்வரகு நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. கொங்கணத்தில் அது 'நாச்னி'. உள்மராட்டியத்தில் சோளம் அன்றாட உணவு. இவ்விரண்டையும், கூடவே பருப்பையும் ரேஷனில் தரக் கோரி, தாராவியிலும் செம்பூரிலும் கடைதோறும் கையெழுத்துத் திரட்டும் பணி இம்மாதமே தொடங்கட்டும்.