நுண்ணோக்கியில் எடுக்கும் படம்



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கண்காட்சிக்காக வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் வைத்து, கைப்பேசியில் படம் எடுத்தேன். கறுப்பு விளிம்போடு அழகான வட்டங்கள் தெரிந்தன. "இவைதாம் உயிரணுக்கள்" என்று எழுதி ஒட்டினேன். ஒரு மாணவி அருகில் வந்து, "சார், வட்டமா இருக்கே, அது காத்துக் குமிழி இல்லீங்களா?" என்றாள். குமிழிதான்! வெங்காய உயிரணு செங்கல் அடுக்கியதுபோல் நீளமாக இருக்கும்.

இது சின்ன விஷயமா? சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, மலேரியே வகைக் கிருமி என்றார்கள். 2004-இல் வெளிவந்த ஆய்வில், மரபணுச் சோதனை வேறு கதை சொன்னது: பலருக்கு இருந்தது குரங்குகளிடம் காணப்படும் நோலெசி வகை. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் முன்னது பெருக மூன்று நாள். பின்னதற்கு ஒரே நாள் போதும். தெளிவான கண்ணே ஏமாறும் இடத்தில், மங்கிய படம் என்ன செய்யும்?

ஆகவே மாணவர்களே, படம் எடுக்கும்போது இவற்றை மறவாதீர்கள். வில்லையைச் சுத்தமான மென்துணியால் துடையுங்கள். மூடு கண்ணாடியைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள், குமிழி வராது. குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வெளுத்துப்போன இடத்திலுள்ள விவரம் பிறகு திரும்பாது. கைப்பேசியின் பெரிதாக்கும் வசதியை நம்பாதீர்கள். புதிதாக எதையும் அது காட்டாது. அதே உருப்பெருக்கத்தில் அடிக்கோலின் மில்லிமீட்டர் கோடுகளையும் ஒரு படம் எடுங்கள். அதைக் கொண்டு அளவு சொல்லலாம்.

கடைசியாக, மூலப் படத்தில் கைவைக்காதீர்கள். திருத்துவதானால் நகலில் திருத்துங்கள். படம் முழுவதற்கும் ஒரே மாதிரி திருத்துங்கள். செய்ததைக் குறித்து வையுங்கள். பிடிக்காத புள்ளியை அழிப்பது பொய் சொல்வதற்குச் சமம். அந்தப் புள்ளியே கிருமியாக இருக்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் "அது அப்படி இல்லப்பா" என்று கேட்டால் அதட்டாதீர்கள். என் படத்தைத் திருத்தியது அப்படிப்பட்ட ஒரு கேள்விதான்.