அவதானமும் எழுத்தறிவும்
(அருவங்காட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே வேளையில் நூறு விஷயங்களில் மனஞ்செலுத்திச் சதாவதானி எனப் புகழ்பெற்றார். அவரை வியக்கும் நாமே, ஒன்றிலும் மனம் நிலையாத சிறுவனைக் கண்டால் மந்தன் என்றும் அடங்காதவன் என்றும் ஏசுகின்றோம்.

யானும் அப்பிழை செய்தவனே. முன்னர் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். தொழிற்சாலைச் சங்கு ஊதினாலும், மலைரயில் கூவினாலும், தகரக்கூரையில் மழை விழுந்தாலும் அவன் கண் புத்தகத்தை விட்டுப் பறந்துவிடும். கதை சொன்னாலோ, சொற்பிசகாமல் திருப்பிச் சொல்லுவான். அவன் காதைத் திருகிய கை இதுவே. எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டான்.

வைத்தியர்கள் இதனை அவதானக் குறைபாடு என்பர். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். 1980இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தார் இப்பெயரிட்டனர். துள்ளித் திரியும் பிள்ளைக்கே இஃது உரியதென்று எண்ணற்க. சாளரத்தை நோக்கி வாளாவிருக்கும் பெண்குழந்தைக்கும் உண்டு. அவள் தொல்லை தராமையால் ஒருவரும் அறிவதில்லை.

இதனால் வாசிப்புக்கு நேரும் இடையூறு யாதெனில், நெடுவாக்கியத்தின் இறுதியை எட்டுமுன் அதன் முதற்சொல் நினைவினின்று நழுவிவிடுகின்றது. நம் தமிழெழுத்திலோ கொம்பு முன்னே நிற்க, அதன் ஓசை மெய்க்குப் பின்னே ஒலிக்கின்றது. ‘கொ’ என்பதில் மெய்யின் இருபுறமும் குறிகள். கண் ஒருகணம் பிறழ்ந்து காலை விட்டால் ‘கொடு’ என்பது ‘கெடு’ என்றாகின்றது. என்னே விபரீதம்! இதற்குப் பிரம்படி மருந்தாகுமா?

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். சிறு பத்திகளாகப் பிரித்து, வரியின்கீழ் ஒரு காகிதத்துண்டை வைத்து, உரக்க வாசிக்கச் செய்யுங்கள். கால்மணி நேரம் போதும், பிறகு ஓடவிடுங்கள். மருந்து வேண்டுமாவென்பதை வைத்தியரே நிச்சயிக்கட்டும். சிலர்க்கு டிஸ்லெக்சியா என்னும் எழுத்துக் குறைபாடும் உடனிருக்கும். அவ்வகைக் கற்றற் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் ஏற்றுள்ளது. சான்றிதழ் பெற்றோர்க்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் உண்டு. ‘ஊரார் என்ன சொல்வார்களோ’ என்று அதனை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

ஆண்டுதோறும் நம் சங்கம் முதல் மதிப்பெண் பெற்றவர்க்கே பரிசளிக்கின்றது. நன்று. ஆனால் அப்பொருளில் ஒரு பகுதியை, பின்தங்கிய பிள்ளைகளைக் கோவைக்கு அழைத்துச் சென்று பரிசோதிப்பிக்கும் செலவுக்கு ஒதுக்கல் கூடுமா என்பதை நிர்வாகஸ்தர்கள் இன்றே ஆலோசிக்குமாறு வேண்டுகின்றேன்.