இரவில் விழித்திருக்கும் தாய்மார்

(நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாட்பட்ட நோயுற்ற குழந்தைகளைக் காக்கும் தாய்மாரின் உறக்கத்தைப் பற்றியும் மனநலத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம். அத்தகைய நோய்கள் பல உளவாயினும், குடும்பத்தார் பெரிதும் மறைத்துவைக்கும் ஒன்றனை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது சிறுவர்க்கு வரும் முதல் வகை நீரிழிவு.

இந்நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் உயிரணுக்களை அழித்துவிட, இன்சுலின் சுரப்பது நின்றுபோகின்றது. தாய் இனிப்பு ஊட்டியதால் வந்த நோயன்று இது. 1921-ஆம் ஆண்டில் கானடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பெற்றது. அதற்குமுன் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்றோ அவர்கள் கற்று, தொழில் புரிந்து, மணம் செய்து வாழ்கின்றனர். மருந்து குழந்தைக்கு உயிரளித்தது. அவ்வுயிரை இராப்பகலாய்க் காக்கும் கடமையோ தாயின் தலைமேல் விழுந்தது.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கின் வியர்வையும் நடுக்கமும் தோன்றும். மிகவும் இறங்கின் வலிப்பும் மயக்கமும் நேரலாம். இவை உறக்கத்திலும் வரக்கூடுமாதலின், தாயானவள் நள்ளிரவில் எழுந்து, குழந்தையின் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தமெடுத்துச் சோதிக்கின்றாள். ஓரிரவன்று, ஒரு மாதமன்று. பல ஆண்டுகள் இங்ஙனமே கழிகின்றன.

வயது வந்தோர்க்கு 7 மணி நேரமேனும் உறக்கம் வேண்டும். நாள்தோறும் 6 மணி நேரமே இரு வாரம் உறங்கியவரின் கவனம், இரண்டிரவு முற்றும் விழித்திருந்தவரின் கவனம் போலத் தளர்ந்ததென்றும், அத்தளர்ச்சியின் அளவை அவர்களே உணரவில்லையென்றும் 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அளவு தவறின் ஆபத்தாகும் மருந்தை அளப்பவளும் அத்தாயே அன்றோ? ஆகவே அவளுடைய உறக்கம் குழந்தையின் சிகிச்சையில் ஒரு பகுதியேயாகும்.

உறக்கமின்மை நீடிக்கின் உள்ளமும் நலியும். காரணமின்றிக் கண்ணீர், ஓயாத எரிச்சல், எதிலும் பற்றின்மை ஆகியவை இரு வாரத்துக்கு மேல் நீடிப்பின், அதனைக் குணக்கேடென்று ஏசாது வைத்தியரிடம் காட்டுதல் முறை. 2022-இல் இந்திய அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் என்னும் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம்.

வீட்டில் தந்தை உளர், பாட்டி உளர், அத்தை உளர். ஆயினும் தாய் ஒருத்தியே விழிப்பானேன்? நோய் வெளிப்பட்டால் நாளைப் பெண்ணுக்கு வரன் அமையாதென்று அஞ்சி, பல குடும்பங்களில் உறவினர்க்கும் அதனைச் சொல்வதில்லை. அறியாதவர் எங்ஙனம் உதவுவர்? மறைத்த நோயின் பாரம் முழுதும் தாயின் கண்ணிமைகளிலேயே தங்குகின்றது. "பெற்றவளுக்குத்தான் பொறுமை உண்டு" என்று புகழ்ந்துவிட்டு நாம் போய்ப் படுப்பது அவளுக்கு உதவியாகாது.

ஆகையால் நாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, தந்தையும் நெருங்கிய உறவினர் ஒருவரும் சோதனை செய்யவும், ஊசி போடவும், சர்க்கரை இறங்கின் வைத்தியர் குறித்த அளவு சர்க்கரை கொடுத்து 15 நிமிஷம் கழித்து மீண்டும் சோதிக்கவும் கற்றுக்கொள்ளல் வேண்டும். மயங்கிய குழந்தையின் வாயில் ஏதும் புகட்டலாகாது. உடனே ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டுமென்பதையும் அறிதல் வேண்டும். இங்ஙனம் வாரத்தில் இரண்டிரவேனும் தாய் வேறு அறையில் கவலையின்றி உறங்கட்டும்.

இரண்டாவது, சம்பந்தம் பேசுமிடத்து இந்நோயை ஒரு குற்றமாகக் கருதோமென்று நம் குடும்பங்கள் வெளிப்படையாய்ச் சொல்ல வேண்டும். அச்சொல் பிறந்தாலன்றி மறைவு ஒழியாது. மறைவு ஒழிந்தாலன்றி அத்தாய்மார் கண்ணயரார்.