படிப்பிடம் நாம் கேட்பது



சுவாமி சகஜானந்தாவின் நினைவாக விருத்தாசலத்தில் கூடியிருக்கிறோம். சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசல் மறுக்கப்பட்ட காலத்தில், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியவர் அவர். இன்று நம் பிள்ளைகள் இந்த ஊரின் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலும், பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியிலும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். எதை எதிர்பார்த்துப் படிக்கிறார்கள்?

"உதவித்தொகைக்கும் வேலைக்கும்தான் வருகிறார்கள், அறிவு ஆர்வம் கிடையாது" என்று நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆமாம், நமக்கு வேலை வேண்டும். நம்மில் பலர் வீட்டில் நிலமும் இல்லை, முதலும் இல்லை. கூலி வேலையிலிருந்து வெளியேற நமக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு படிப்பு. அதன் வழியே சோறு கேட்பது இழிவல்ல.

ஆனால் நம் எதிர்பார்ப்பு சோற்றோடு முடியவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1917இல் பரோடாவுக்குப் பணியாற்றத் திரும்பினார். படிப்பும் பதவியும் இருந்தன; தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து சாதியின் பெயரால் விரட்டப்பட்டார். வேலை கிடைத்தாலும் மரியாதைக்குத் தனியாகப் போராட வேண்டியிருக்கிறது.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா அறிவியல் எழுத்தாளராக விரும்பினார். உதவித்தொகை நின்று, விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்ட நிலையில், 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். நமக்கா அறிவு ஆர்வம் இல்லை?

பீங்கான் சூளையில் வெந்து கூலி வாங்கியவரின் பிள்ளை, அதே சூளையின் வெப்பக் கணக்கைப் படிக்க வருகிறார். நாளை அந்தத் தொழிலை ஆராயவும் நடத்தவும் அவருக்கு உரிமை உண்டு. படிப்பிடம் நாம் கேட்பது இதைத்தான்.

இந்த ஆசை பல நேரம் சேர்க்கை நாளன்றே, கட்டணம் கட்டும் இடத்தில் முறிகிறது. 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, வருமான வரம்புக்குட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தைச் சுயநிதிக் கல்லூரிகளிலும் அரசே ஏற்க வழி செய்தது. "இப்போது கட்டுங்கள், பணம் வந்ததும் தருகிறோம்" என்று கேட்கும் கல்லூரியிடம் அந்த ஆணையின் நகலை நீட்டுவோம். சேர்க்கை நாட்களில் கல்லூரி வாசல்களில் நகலோடு நிற்போம்.

கட்டணத்துக்காக ஒரு பிள்ளையும் திரும்பிப் போகாமல் காப்பதே சகஜானந்தாவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.

ஜெய் பீம்.