வானைக் காய்ச்சிப் புயல் விட முடியுமா?

(மேல்சித்தாமூரில் நிகழ்த்திய உரை)



புயல் ஓய்ந்ததும் ஒரு பேச்சு கிளம்புகிறது. "இது தானாக வந்த மழை அல்ல, அமெரிக்காவில் ரேடியோ அலையால் வானத்தைக் காய்ச்சி அனுப்பிய மழை" என்கிறார்கள். இதை நாம் பரிசீலிக்கத்தான் வேண்டும். ஏனென்றால், புயலில் கூரை போவதும் கூலி போவதும் நமக்குத்தான்.

வானைக் காய்ச்சும் நிலையம் உண்மையிலேயே உண்டு. அலாஸ்காவில் ககோனா என்னுமிடத்தில், 33 ஏக்கரில், 180 கம்பங்கள் நிற்கின்றன. 'ஹார்ப்' என்பது அதன் பெயர். அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் பணம் போட்டுக் கட்டியவை அவை. 2015-ல் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறின. ரஷ்யாவிலும் நார்வேயிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. ராணுவம் கட்டியதை ஜனங்கள் சந்தேகிப்பதில் வியப்பில்லை. ஆனால் சந்தேகம் வேறு, கணக்கு வேறு.

அந்த அலை எந்த இடத்தைச் சூடேற்றுகிறது? மழைமேகம் 15, 18 கிலோமீட்டருக்குமேல் ஏறுவது அரிது. அலை சூடேற்றுவதோ அதற்கும் வெகு உயரத்தில், 100 முதல் 300 கிலோமீட்டர்வரை உள்ள அயனி மண்டலத்தை. அங்கே காற்று மிக மெல்லியது. சூரியக் கதிர் பட்டு மின்னேற்றம் பெற்றது. சிற்றலை வானொலியைக் கடல் தாண்டி நம் காதில் சேர்ப்பது இந்த மண்டலம்தான்.

அதைச் சூடேற்ற முடியும் என்பது தற்செயலாகத் தெரிந்தது. 1933-ல் ஹாலந்தில் டெல்லகன் என்ற விஞ்ஞானி சுவிட்சர்லாந்து வானொலியைக் கேட்டபோது, அதன்மேல் லக்சம்பர்க் வானொலியும் ஏறி ஒலித்தது. லக்சம்பர்க்கின் பலமான அலை வழியிலிருந்த மின்துகள்களைச் சூடாக்கி, அவ்வழியே போன மற்ற அலையைக் கெடுத்திருந்தது. இன்று அதையே வேண்டுமென்று செய்து பார்த்து, மேல்வானத்தின் குணத்தை ஆராய்கிறார்கள். அலையை நிறுத்தினால் அந்தச் சூடு விரைவில் தணிந்துவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். ஹார்ப்பின் சக்தி 3,600 கிலோவாட். ஆலையில் மோட்டாரோடு உழைக்கும் தோழருக்கு இது புரியும்: ஐந்து குதிரைசக்திப் பம்புசெட்டுகள் ஓராயிரம் ஓடுவதற்குச் சமம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதில் ஒரே ஓர் ஏக்கரில் விழுந்த தண்ணீரை ஆவியாக்க வேண்டுமென்றால், ஹார்ப் தன் முழுச் சக்தியையும் அதற்கே செலவிட்டு இரவு பகலாக 16 நாள் ஓட வேண்டும்! மாவட்டம் முழுதும் எத்தனை லட்சம் ஏக்கர்? அந்தச் சூட்டைத் தந்தது வங்கக் கடல். கடலைச் சூடேற்றியது சூரியன். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை பூமியைப் போர்த்தி, கடலின் சூட்டை மேலும் ஏற்றுகிறது.

ஆகவே தோழர்களே, பழியை அலாஸ்காவின் தலையில் போட்டால் யாருக்கு லாபம்? ஏரிக்கரையைப் பலப்படுத்தாதவனுக்கு லாபம். வரத்துக்கால்வாயை ஆக்கிரமித்தவனுக்கு லாபம். கண்ணுக்கெட்டாத எதிரியிடம் யாரும் நிவாரணம் கேட்க முடியாதல்லவா?

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இங்கேயே இருக்கின்றன. கால்வாய் எப்போது தூர்வாரப்பட்டது? அணை திறக்கும் செய்தி எந்த மணிக்கு எந்தக் குடிசைக்கு வந்தது? வேலையிழந்த நாட்களுக்குக் கூலி எங்கே? அடுத்த ஐப்பசிக்கு முன்பே இவற்றைக் கேட்போம். ஒன்றாய் நின்று கேட்போம்!